பெருக்கமரத்தடியில் நிற்கலாம்

பள்ளிமுனை, மன்னார்
9.6.1974, ஞாயிறு

மருமகள் அன்ரோனெற்றுக்கு,

இந்தக் கடிதத்தை உன் மாமா சந்தியோகு எழுதுகிறேன். வேறு யாரும் எனக்காக எழுதவில்லை. வரிகள் கீழே சரிந்திருந்தால் அதுவும் என் கைதான். புதன்கிழமை தொடங்கினேன். இன்றைக்குப் பூசை முடிந்து வந்து இந்த இடத்தை எழுதுகிறேன்.

கடிதம் என்றால் சுகம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படிப்பிக்கிற மாக்கிறட் ரீச்சர் சொன்னார். நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். பிள்ளைகளின் சுகத்தையும் கேட்கிறேன்.

உன் மாமி பிரான்சிஸ்கா போனபிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. வாசிகசாலையில் பின்னேரம் நாலு மணிக்குப் பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆறு பேர் படிக்கிறோம். ஒருவர் தாராபுரத்து அபூசாலி. சர்பத் வண்டி வைத்திருப்பவர். என் சிலேட்டைப் பார்த்து, "சந்தியோகு அண்ணே, உங்கட எழுத்தெல்லாம் காத்துக்குச் சாஞ்சு நிக்குது, முண்டு குடுங்கோ" என்றார். அவருடைய எழுத்து நிற்கவே இல்லை, படுத்துக் கிடக்கிறது.

இப்போது எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். முதலில் வாசித்தது ரெயில் நிலையத்துப் பலகை. மன்னார் என்று போட்டிருந்தது. அறுபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், அதன் பேரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த நாள் ரெயில் ஏறித் தோட்டவெளி வாசித்தேன், பேசாலை வாசித்தேன், தலைமன்னார் வாசித்தேன். ரிக்கெற் பார்க்க வந்தவர், "எங்க அப்பு இறங்கிறியள்?" என்று கேட்டார். "ஒரு இடமும் இறங்கேல்ல, வாசிக்க வந்தனான்" என்றேன்.

நான் கேட்க வந்தது இதுதான். ஆவணி விடுமுறையில் பெற்றிசியாவையும் யூஜினையும் என்னிடம் நாலு நாள் அனுப்பிவை. மடுத் திருநாளுக்கு எப்படியும் வருவாய். மடு ரோட்டில் ரெயில் ஏற்றிவிட்டால் நான் மன்னாரில் நிற்பேன். பெற்றிசியா இங்கிருந்து போகும்போது அவளுக்கு இரண்டரை வயது. யூஜினை நான் கண்டதே இல்லை.

பிள்ளைகளுக்கு இங்கே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. கோட்டையின் வாசற்காரன் எனக்குத் தெரிந்தவன், உள்ளே விடுவான். மதிலில் ஏறி நாலு மூலையையும் சுற்றி ஓடலாம். உள்ளே இடிந்த கோயில் ஒன்று இருக்கிறது, அங்கே சத்தம் போட்டால் திரும்பிக் கேட்கும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்தியது என்று பலகையில் இருக்கிறது. அதை வாசிக்க எனக்கு மூன்று நாள் போனது. எங்கள் தெருவிலேயே பெருக்கமரம் இருக்கிறது. அராபியர் கொண்டுவந்து நட்டதாம். யானைக்கு வேர் முளைத்ததுபோல நிற்கிறது. எத்தனை பிள்ளைகள் கை கோத்தால் கட்டிப்பிடிக்கலாம் என்று வருகிறவர்கள் எல்லாம் விளையாடுவார்கள். கழுதைகள் தெருத் தெருவாகப் போகும். பழத்தோல் கொடுத்தால் பின்னாலேயே வரும். கப்பல் வரும் நாளில் தலைமன்னார் இறங்குதுறைக்குக் கூட்டிப் போவேன். இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் பெட்டி படுக்கையோடு இறங்குவதைப் பார்க்கலாம். பூநாரைகள் இப்போது இல்லை, மார்கழியில்தான் வரும். அதற்கு இன்னொரு தரம் வரட்டும்.

வரச்சொல்லி எழுது.

உன் மாமா
சந்தியோகு


வவுனியா
21.6.1974

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளைகளின் கண்ணில் படுவதற்கு முன் எடுத்துவிட்டேன்.

அவர்கள் வரமாட்டார்கள்.

நான் ஆசிரியை. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறவர்கள் எழுதும் அழைப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது நன்றாகவே இருக்கிறது. கோட்டை, மரம், கழுதை, ரெயில். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவைப் பற்றி எழுதி, கடல் என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டிருக்கிறீர்கள். அவ்வளவு கவனமாக எழுதியவருக்கு மார்கழி என்று எழுதும்போது கை கூசவில்லையா? அந்த மாதத்தில் என் பிள்ளைகள் உங்கள் ஊருக்குப் பறவை பார்க்க வரவேண்டும் என்கிறீர்கள்.

மாமி இறந்தபோது நான் வந்தது அவவுக்காக. கோயிலில் உங்களோடு நான் பேசவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. இப்போதுதான் எழுத்துப் படித்தேன் என்கிறீர்கள். எழுதவா, வாசிக்கவுமா? நான் உங்கள் வீட்டில் மூன்று வருஷம் இருந்தேன். நீங்கள் கோயில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்துக்கு முன் முழந்தாளிட்டு, புத்தகத்தை விரித்துப் பிடித்து, மன்றாட்டு மாலை முழுவதையும் ஊருக்கு வாசித்தவர் நீங்கள். தாள் புரட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அன்ரோனெற்


பள்ளிமுனை
4.7.1974

அன்ரோனெற்றுக்கு,

எனக்கென்று வந்த கடிதத்தை நானே உடைத்து நானே வாசித்தது இதுதான் முதல் தரம். தபால்காரன் வாசித்துத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் போ என்றேன். பின்வளவில் கதிரையைப் போட்டுக்கொண்டு காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்தேன். முழுக்கக் கோபம்தான். ஆனாலும் என்ன அழகான எழுத்து உன்னுடையது. ஒரு எழுத்து இன்னொன்றில் இடிக்கவில்லை. அபூசாலியிடம் உறையை மட்டும் காட்டினேன். "அண்ணே, இது அச்சடிச்சதெல்லோ?" என்று கேட்டார்.

கடலை எழுதவில்லை என்றாய். அது சரி. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகமாட்டேன். மதிலில் ஏறினால் தெரியும், அதை மறைக்க என்னால் முடியாது. மதிலில் ஏற வேண்டாம் என்றால் ஏறவில்லை. கோட்டைக்குள்ளே கீழேயே விளையாடட்டும். அகழிப் பக்கம் போகாமல் நான் நடுவில் நிற்பேன்.

போன கிழமை முருங்கனில் இருந்து ஞானப்பாடப் பிள்ளைகள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். வாசற்காரனோடு நானும் போய் நின்றேன். ஒரு பெடியன் பீரங்கி வைக்கும் துவாரத்துக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் அழுதான். காதில் எண்ணெய் பூசித்தான் எடுத்தோம். ஒரு சிறுமி கழுதைக்குத் தன் தொப்பியைக் கொடுத்துவிட்டாள், அது பாதியைத் தின்றுவிட்டது. அவர்களுக்குப் பலகையை நான் வாசித்துக் காட்டினேன். மெதுவாகத்தான். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நம்முடைய பிள்ளைகள் அந்த நாற்பதில் இல்லையே என்று மட்டும் இருந்தது.

புத்தகத்தைப் பற்றிக் கேட்டாய். மன்றாட்டு மாலை எனக்குப் பாடம். சின்ன வயதில் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியது. அதை விடு, அது பழைய கதை.

பிள்ளைகளுக்கு நாலு நாள் கூடுதல் என்றால் இரண்டு நாள் போதும்.

சந்தியோகு


வவுனியா
12.7.1974

மாமாவுக்கு,

நீங்கள் விடச் சொன்னதை நான் விடவில்லை. ஒரு கிழமையாக வகுப்பில் நிற்கும்போதும் அதுதான் மனதில் ஓடுகிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிழை என்றால் திருத்துங்கள்.

அறுபத்திநாலாம் ஆண்டு, நத்தார்த் திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. ஊரில் யாரும் கடலுக்குப் போகவில்லை. எல்லோரும் பலகாரம் சுடுகிறார்கள், வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். முதல் நாள் பாய்ச்சிய வலை கடலில் கிடக்கிறது, அதை மட்டும் எடுத்து வருகிறேன் என்று பிள்ளைகளின் அப்பா புறப்பட்டார். நீங்களும் துறை வரைக்கும் போனீர்கள். துறையில் மீன்பிடிச் சங்கத்தின் கரும்பலகை இருக்கிறது. காற்று வரப்போகிறது, கடலுக்குப் போகவேண்டாம் என்று காரியதரிசி அதில் எழுதி வைத்திருந்தார். நீங்கள் அதற்கு முன் நின்று வாசித்தீர்கள். பிறகு மகனைக் கடலுக்கு விட்டீர்கள்.

இதைக் காரியதரிசி என்னிடம் சொன்னார். "மூப்பர் நிண்டு வாசிச்சவர், நான் சங்கத்து வாசலில நிண்டு கண்ணால கண்டனான்" என்றார். நான் நம்பவில்லை. ஊர்ச் சனத்துக்கு முன்னால் வந்து உங்களிடமே கேட்டேன். "வாசிச்சனான்" என்று சொன்னீர்கள். வலை புது வலை. மகனைவிட வலை பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். யூஜின் மூன்று மாதம் என் வயிற்றில். முப்பத்தொராம் நாள் பூசை முடிந்த அன்றே பஸ் ஏறினேன். அதன்பிறகு பத்து வருஷமாக, ஒவ்வொரு நாளும், வாசித்துவிட்டு அனுப்பிய மனிதர் என்றுதான் உங்களை நினைக்கிறேன்.

இப்போது சிலேட்டும் ரெயில் நிலையமும் என்று சந்தோஷமாக எழுதுகிறீர்கள்.

அன்றைக்கு அந்தப் பலகையை உங்களால் வாசிக்க முடிந்ததா, இல்லையா?

அன்ரோனெற்


பள்ளிமுனை
28.7.1974

அன்ரோனெற்றுக்கு,

இல்லை.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு ஒன்பது நாள் கொப்பியை மூடி வைத்திருந்தேன். மற்றதையும் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. என் பேரை மட்டும் படம் கீறுவதுபோலக் கீறுவேன். பிரான்சிஸ்காவுக்கு மட்டும் தெரியும். எந்தப் பக்கம் எந்த மன்றாட்டு என்று பார்த்துச் சுருபப் படங்களைத் தாளுக்குள் வைத்துத் தருவாள். தாவீது படம் வந்தால் புரட்டவேண்டும், அந்தோனியார் படம் வந்தால் புரட்டவேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படி மூப்பராக இருந்தேன். கடிதம் வந்தால் கண் மங்கல் என்று சொல்லி உன்னிடம் தந்தேன். நீயும் வாசித்தாய். மகனுக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

அன்றைக்கு அவன் வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். இடுப்பளவில் நின்று, "அப்பா, பலகையில என்னவாம்?" என்று கூப்பிட்டுக் கேட்டான். அந்தப் பலகையில் எப்போதும் கூட்டம் பற்றித்தான் இருக்கும். கூட்டம் என்று எழுதினால் மூன்று வரி. அன்றைக்கும் மூன்று வரி. காரியதரிசி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கிற நேரம் அளவு நின்றேன். பிறகு சொன்னேன்: "கூட்டமாம், ஞாயிற்றுக்கிழமை." அவன் சிரித்தான். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வந்திடுவன்" என்றான்.

வானம் வெளிச்சமாக இருந்தது. இதை என் பக்கம் நியாயம் சொல்ல எழுதவில்லை. இருந்ததை எழுதுகிறேன்.

நீ சனத்துக்கு முன்னால் கேட்டாய். எனக்கு இரண்டு பதில் இருந்தது. வாசிக்கத் தெரியாது என்று சொல்லலாம். வாசித்தேன் என்றும் சொல்லலாம். மகன் போய் மூன்றாம் நாள். அப்போதும் அந்தப் புத்தகத்தைத்தான் நினைத்தேன். மூப்பர் இவ்வளவு காலமும் ஊரை ஏமாற்றியிருக்கிறார் என்று சொல்வார்களே என்றுதான் நினைத்தேன். மகனைக் கொன்றவன் என்ற பேர் அதைவிடச் சுமக்கலாம்போல இருந்தது. சுமந்தேன். அடுத்த மாதம் மூப்பர் பதவியை விட்டேன். காரணம் கேட்டவர்களுக்கு மகன் போனதால் என்றேன்.

எழுத்துத் தெரிந்தபிறகு துறைக்குப் போய்ப் பார்த்தேன். சங்கக் கட்டிடம் இப்போது வேறு இடத்தில். பலகை இல்லை.

பிள்ளைகளைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

சந்தியோகு


வவுனியா
26.8.1974

மாமாவுக்கு,

மடுவுக்குப் போய்வந்தோம். அங்கே வைத்து உங்களுக்கு எழுத நினைத்தேன். மாதாவுக்கு முன் இருந்து எழுதக்கூடிய கடிதமாக அது வரவில்லை.

துறையில் இருந்து வீடு எத்தனை அடி? ஐந்நூறு இருக்குமா? நான் வீட்டில் இருந்தேன். கொக்கிசுப் பலகார மாவுக்குச் சீனி அளந்துகொண்டிருந்தேன். நான் படிப்பிக்கிறவள். "பிள்ளை, வந்து இதை ஒருக்கா வாசி" என்று கூப்பிட்டிருந்தால் பெற்றிசியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்திருப்பேன். கண் மங்கல் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை என்னிடம் எத்தனை தரம் சொன்னீர்கள். தேவைப்பட்ட அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

வலைக்காக விட்டீர்கள் என்று நினைத்தபோது உங்களை வெறுப்பது இலகுவாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பத்து வருஷமாக நான் வெறுத்த ஆள் ஒருவர், இருந்த ஆள் வேறொருவர். எனக்கு அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவது?

இன்னொரு விஷயம். எங்கள் பள்ளிக்கூடத்தில் செப்ரெம்பர் பதினாலாம் திகதி சனிக்கிழமை மன்னாருக்குச் சுற்றுலா வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிய அதே கோட்டை, அதே மரம், அதே கழுதை. சிஸ்ரர் என்னிடம் கேட்டு இடம் தெரிவு செய்யவில்லை. பிள்ளைகள் இருவரும் என்னிடம் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டார்கள். நிறுத்துவதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். சொல்லக்கூடிய காரணம் என்னிடம் இல்லை. நான் போகவில்லை.

பதினொரு மணியளவில் அவர்கள் பெருக்கமரத்தடியில் நிற்பார்கள். நீங்களும் நிற்கலாம். யார் என்று சொல்லக்கூடாது. பேர் சொல்லக்கூடாது. ஒன்றும் வாங்கிக் கொடுக்கக்கூடாது. பெற்றிசியாவுக்கு இரட்டைப் பின்னல், மஞ்சள் றிபன். யூஜினுக்கு இடது புருவத்தில் வெட்டுக்காயத் தழும்பு இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்ரோனெற்


பள்ளிமுனை
19.9.1974

அன்ரோனெற்றுக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். பிறகு ஒன்று கேட்பேன்.

எட்டு மணிக்கே போய்விட்டேன். சவரம் செய்து, கலியாண வேட்டி கட்டியிருந்தேன். அபூசாலி வண்டியோடு வந்து, "அண்ணே, மாப்பிள்ளை போல நிக்கிறியள், பொம்பிளை எப்ப வருது?" என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியும். வாயைத் திறந்தால் வண்டியைக் கவிழ்ப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பஸ் பதினொன்றரைக்குத்தான் வந்தது. மஞ்சள் றிபன் ஒன்பது பேர் கட்டியிருந்தார்கள். ஒன்பது பேரில் அவளை எனக்குத் தெரிந்தது. பிரான்சிஸ்காவின் நடை.

பிள்ளைகள் மரத்தைச் சுற்றிக் கை கோத்தார்கள். பதினாலு பேர் கோத்தும் ஒரு ஆள் இடைவெளி இருந்தது. மற்றப் பிள்ளைகள் கழுதைக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். சிஸ்ரர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒரு கை குடுங்கோவன்" என்று என்னைக் கூப்பிட்டார். நான் கேட்டுப் போகவில்லை. அவராகக் கூப்பிட்டார். இடைவெளிக்கு இந்தப் பக்கம் பெற்றிசியா நின்றாள்.

அவள் கையைப் பிடித்தேன். கன்னத்தை மரத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் ஐயா உங்கட கை நடுங்குது?"

"வயசு போட்டுது பிள்ளை."

"எங்கட பெரிய சிஸ்ரருக்கு உங்களைவிட வயசு. அவவுக்கு நடுங்காது. பிரம்பு பிடிச்சா இன்னும் நடுங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிஸ்ரர் மூன்று வரைக்கும் எண்ணினார், பிறகு கையை விட்டார்கள்.

யூஜின் கழுதைப் பக்கம் நின்றான். தழும்பு பார்த்தேன். அபூசாலியிடம், "இந்தக் கழுதைக்குப் பேர் இருக்கோ?" என்று கேட்டான். "இருக்குது தம்பி. இந்த ஊரில எல்லாக் கழுதைக்கும் ஒரே பேர்தான். கூப்பிட்டா எல்லாம் வரும்" என்றார். பெடியன் யோசித்துவிட்டு, "அப்ப ஒண்டை மட்டும் கூப்பிட ஏலாதே" என்றான். கெட்டிக்காரன். மகன் அந்த வயதில் இப்படித்தான் மடக்குவான்.

பிறகு என் கையைப் பார்த்தான். கயிறு வெட்டிய காய்ப்புகள் இன்னும் இருக்கின்றன.

"நீங்கள் மீன் பிடிக்கிறனீங்களோ?"

"முந்திப் பிடிச்சனான்."

"எங்கட அப்பாவும் பிடிச்சவர். இஞ்சதான். புயலுக்க போட்டார்."

நான் கழுதையின் கழுத்தைத் தடவினேன்.

"எங்கட அப்பப்பாவும் செத்திட்டார். புயல் அடிக்கேக்க அப்பாவைத் தேடி வள்ளத்தில போனவராம். திரும்பி வரேல்ல. அம்மா சொன்னவ."

அபூசாலி வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

"நல்ல மனுசன் போல" என்றேன்.

"ஓம்" என்றான் உன் மகன். "நான் இராத்திரிச் செபத்தில அவருக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுறனான்."

சிஸ்ரர் விசில் ஊதினார். போய்விட்டார்கள். கோட்டைக்கு அவர்களுக்குப் பின்னால் நான் போகவில்லை. அவ்வளவே எனக்குக் காணும்.

அன்ரோனெற், நான் வள்ளத்தில் போகவில்லை. காற்று விட்டபிறகு ஆறு நாள் கரையோரமாகத் தேடினேன், அவ்வளவுதான். நீ பிள்ளைகளுக்கு என்னைவிட நல்ல ஒருவரைக் கொடுத்திருக்கிறாய். இந்த ஐந்து நாளாக அந்த மனிதரோடு எனக்குப் பொறாமை. அவருக்கு ஒவ்வொரு இரவும் ஒரு செபம் கிடைக்கிறது. எனக்குப் பிள்ளை கையைத் தந்தது சிஸ்ரர் எண்ணி முடிக்கும் வரைக்கும்.

நான் கேட்பது இதுதான். இனி மரத்தடியில் நிற்கச் சொல்லாதே. நிற்கமாட்டேன். பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல். நான் இருக்கிறேன் என்று சொல். பலகையைப் பற்றியும் சொல், கூட்டம் என்று நான் சொன்னதையும், வாசித்தேன் என்று உன்னிடம் சொன்னதையும் சொல். கேட்டுவிட்டு வரமாட்டோம் என்றால் வரவேண்டாம். ஆள் தெரிந்து வெறுக்கட்டும். ஆள் தெரியாமல் கை கொடுக்க வேண்டாம்.

சந்தியோகு


வவுனியா
5.10.1974

மாமாவுக்கு,

அந்தக் கதையை நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. யூஜினுக்கு நாலு வயதிருக்கும்போது, அப்பாவைத் தேட யாரும் போகவில்லையா என்று கேட்டான். போனார் என்றேன். பிறகு யார், எப்படி, ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒவ்வொன்றாகச் சொன்னேன். உயிரோடு இருந்த உங்களைவிட அந்த மனிதரை அவனுக்குக் கொடுப்பது எனக்குச் சுகமாக இருந்தது. உங்கள் பொய்யைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நல்ல எழுத்து என்று நீங்கள் புகழ்ந்த எழுத்துத்தான்.

செவ்வாய்க்கிழமை இருவரையும் இருத்திச் சொன்னேன். அப்பப்பா இருக்கிறார், மரத்தடியில் உங்களோடு நின்றவர் அவர்தான், செத்தார் என்று நான் சொன்னது பொய். யூஜின் அழுதான். உங்களுக்காக இல்லை. "அப்ப அவர் தேடிப் போகேல்லயா?" என்று கேட்டு, அந்தச் செத்த மனிதருக்காக அழுதான். பெற்றிசியா அழவில்லை. "அவற்ற கை நடுங்கினது அதுக்குத்தானே?" என்றாள். அதன்பிறகு இன்று வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணீர் வேண்டுமா என்றால் தம்பியிடம் பதில் சொல்கிறாள். வீட்டுக்குள் ஒருவர் பேசாமல் இருப்பது எப்படி என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

பலகையைப் பற்றி நான் சொல்லவில்லை. அப்பப்பாவை ஏன் இவ்வளவு காலமும் காட்டவில்லை என்று கேட்டார்கள். அதை அவரே சொல்லுவார் என்றேன். அது உங்களுடையது. பத்து வருஷம் உங்களுக்காக நான் அதைப் பிழையாகச் சுமந்தேன். சரியாகச் சுமந்து பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையையும் என்னிடம் தரவேண்டாம்.

பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிடுகிறேன். கொண்டக்ரர் தெரிந்தவர். பெற்றிசியா பஸ்ஸில் சத்தி எடுப்பாள், இறங்கியவுடன் கொஞ்ச நேரம் இருக்க விடுங்கள். யூஜின் நண்டு தின்னமாட்டான். பின்னேரம் நாலரை பஸ்ஸில் திருப்பி அனுப்புங்கள், இரவு தங்க வேண்டாம்.

கோட்டையையும் கழுதையையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். முதலில் சொல்லுங்கள், பிறகு எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். துறைக்கும் கூட்டிப் போகலாம். அவர்கள் தகப்பன் வள்ளம் தள்ளிய இடத்தை நீங்கள்தான் காட்டவேண்டும், எனக்கு அந்த இடம் தெரியாது.

நான் வரமாட்டேன். இரவு பஸ் நிலையத்தில் நிற்பேன். பிள்ளைகள் படியில் இறங்கும்போது முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், நீங்கள் சொன்னீர்களா இல்லையா என்று.

அன்ரோனெற்